வாடகை என்று சொல்லாத காசு

ஸ்ரீகாந்த் கோப்பை மூடினார். மூடிய கோப்பின்மேல் கையை வைத்துக்கொண்டார். யோகாவுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"கல்யாண போட்டோ நூத்தி நாப்பது இருக்கு மேடம். கல்யாணம் நடந்துச்சான்னு அவங்க கேக்கல. அதுக்கு சர்டிபிகேட் இருக்கு. சேர்ந்து வாழுறீங்களான்னு கேக்குறாங்க."

"வாழுறம்தானே."

"எனக்குத் தெரியுது. பேப்பருக்குத் தெரியணுமே."

வென்வேர்த்வில் ஸ்டேஷனுக்கு எதிரே, மளிகைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அவருடைய அலுவலகம். அவர் விசா முகவர். ஊர் கோயம்புத்தூர். கீழே அரிசி மூட்டை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யோகாவுக்குப் பக்கத்துக் கதிரையில் அவளுடைய கணவன் சுஜீதன் வேலை உடுப்போடு இருந்தான். உறைகுளிர்க் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறவன். அறைக்குள்ளும் அவன் தடித்த ஜக்கெற்றைக் கழற்றவில்லை.

குடிவரவு அலுவலகத்தின் கடிதம் வியாழக்கிழமை வந்திருந்தது. பதில் சொல்ல இருபத்தெட்டு நாள். கேட்டது மூன்று விஷயம். எந்த வீட்டில், என்ன ஏற்பாட்டில் இருக்கிறீர்கள்? வீட்டுச் செலவை எப்படிப் பகிர்கிறீர்கள்? யோகாவின் கணக்கிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை முந்நூற்றறுபது டொலர் காசாக எடுக்கப்படுகிறதே, அது எங்கே போகிறது?

யோகா இந்த நாட்டுப் பிரஜை. முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் ஒன்பது வருடமாக வேலை. சுஜீதன் படிக்க வந்தவன். படிப்பு விசா முடிந்து, கணவன் என்று விண்ணப்பித்து, முடிவு வரும்வரை இருக்கலாம் என்ற இடைக்கால விசாவில் இருந்தான். அவளைவிட நான்கு வயது இளையவன். அதையும் கடிதத்தில் யாரோ கவனித்திருந்தார்கள். கேள்வியாகக் கேட்கவில்லை. இருவரின் பிறந்த திகதிகளையும் அருகருகே போட்டிருந்தார்கள்.

"வீட்டு அக்ரிமெண்ட்?" என்றார் ஸ்ரீகாந்த்.

"இல்லை."

"வாடகை ரசீது?"

"இல்லை."

"கரண்ட் பில்?"

"அங்கிளின்ர பேரில."

"உங்க அங்கிளா?"

"சொந்தமில்லை. அங்கிள்."

ஸ்ரீகாந்த் பேனாவைக் கீழே வைத்தார். "சரி. அந்த அங்கிளுக்கு வாடகை எப்படிக் குடுக்குறீங்க?"

யோகா சுஜீதனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"சாமித் தட்டில வைக்கிறனான்," என்றாள்.

டூங்காபியில் சிவலிங்கம் அங்கிளின் வீட்டுக்கு அவர்கள் வந்து மூன்று வருடத்துக்கு மேலாகிறது. முதல் மாதம் அவள் காசை நீட்டியபோது அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கைநீட்டிக் காசு வாங்கவோ பிள்ளை உன்னைக் கூப்பிட்டனான்?" அவருடைய மனைவி புஷ்பவல்லி அன்ரிதான் வழி கண்டுபிடித்தவர். "எங்களுக்குத் தராதை. முருகனுக்கு வை. அவர் எங்களுக்குத் தருவார்." அன்றிலிருந்து சம்பள வியாழன்தோறும் யோகா ஒரு கடித உறையில் முந்நூற்றறுபது டொலரை வைப்பாள். சைபரில் முடியக் கூடாதென்று ஒரு டொலர் நாணயக் குத்தி ஒன்றும் சேர்ப்பாள். உறைக்கு மேலே, அர்ச்சனைக்கு எழுதுவதுபோல, திகதி போட்டு எழுதுவாள்: சுஜீதன், அனுஷம். யோகா, உத்தரம். முருகன் படத்துக்கு முன்னால் உள்ள பித்தளைத் தட்டில் வைப்பாள். காலையில் தட்டு வெறுமையாக இருக்கும். வாடகை என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"கைமாறினதே இல்லையா?"

"இல்லை."

"அப்ப முருகன்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க," என்றார் ஸ்ரீகாந்த். சுஜீதன் சிரித்துவிட்டான். யோகா சிரிக்கவில்லை. அவரும் உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. அங்கிள் ஒரு லெட்டர் குடுக்கட்டும். இத்தனை வருஷமா ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா என் வீட்ல இருக்காங்க, இவ்வளவு வாடகை, காசாக் குடுக்குறாங்கன்னு. சத்தியப் பிரமாணமா. அது ஒண்ணு வந்தா மூணு கேள்விக்கும் பதில்."

"வராட்டி?"

"ரிஜெக்ட் பண்ணலாம். ட்ரிபியூனல் போகலாம். பணமும் போகும், வருஷமும் போகும்." கோப்பை அவள் பக்கம் தள்ளினார். "லெட்டர் தரமாட்டாரா என்ன? நல்லவர்தானே?"

"சரியான நல்லவர்," என்றாள் யோகா.

*

அன்ரி குசினியில் லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக்கூட நிறுத்தவில்லை.

"அதுக்கென்ன, இவர் எழுதித் தருவார். ஊரில அரசாங்கக் கச்சேரியில முப்பத்தொரு வருசம் எழுதின கைதானே. இங்கிலீசு அப்பிடியே முத்து முத்தா இருக்கும். இஞ்சருங்கோ, கேட்டதே?"

அங்கிள் முன்னறையில் பேப்பரின் பின்னால் இருந்தார். பேப்பர் இறங்கவில்லை.

"பாப்பம்," என்றார்.

அவர் பாப்பம் என்றால் ஓம் என்றுதான் அர்த்தம். மூன்று வருடமாக யோகா அப்படித்தான் அறிந்திருந்தாள். ஒரு கிழமை போனது. அங்கிள் காலையில் நடக்கப் போனார். வந்து தேத்தண்ணி குடித்தார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் அவர் முன்னால் போனால் அவருக்குத் தோட்டத்தில் வேலை வந்துவிடும்.

அதற்கிடையில் வேறு காகிதம் தேடினார்கள். சுஜீதனின் வங்கிக் கடிதமும் லைசென்சும் பென்டில்ஹில்லில் சிறிதரன் என்ற நண்பனின் விலாசத்தில் இருந்தன. முன்பு அங்கே அறை எடுத்திருந்தான். விசா வந்த கையோடு எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுவோம் என்று விட்டிருந்தான். இப்போது அந்த விலாசம் அவன் வேறு வீட்டில் இருக்கிறான் என்று சாட்சி சொன்னது. கூட்டுக் கணக்கு ஒன்று திறந்தார்கள். அதன் திகதியைப் பார்த்து ஸ்ரீகாந்த் தொலைபேசியில் பெருமூச்சு விட்டார். "கடிதம் வந்து நாலாம் நாள் திறந்திருக்கீங்க. சரி, போடுவோம்."

வீட்டைப் படம் எடுக்கச் சொன்னார். ஞாயிறு முழுக்க எடுத்தார்கள். ஒரு கோப்பையில் இரண்டு பல்துலக்கி. அலுமாரியில் பாதிக்குச் சேட்டு, பாதிக்குச் சுடிதார். கட்டிலின் இரண்டு பக்கமும் இரண்டு சோடிச் செருப்பு. சுஜீதன் செருப்பைச் சரியாக்கி, பிறகு கலைத்து, பிறகு மறுபடி சரியாக்கினான். "எப்பிடி வைச்சாலும் பொய் மாதிரித்தான் இருக்கு," என்றான்.

வாசலில் அன்ரி வந்து நின்றார். "ஐயோ, கட்டிலையோ படம் எடுக்கிறியள்? ஆருக்கு?"

"இமிகிரேசனுக்கு அன்ரி."

"அவைக்கு ஏன் உங்கட கட்டில்? சீ. அந்தக் கட்டில் விரிப்பையாவது மாத்துங்கோ, மானம் போகுது."

விரிப்பை மாற்றினார்கள். அலுமாரியிலிருந்து எடுத்த புது விரிப்பில் மடிப்புக் கோடுகள் அப்படியே தெரிந்தன. படத்தில் அது கடைக் கட்டில்போல இருந்தது.

*

பத்தாம் நாள் அங்கிள் கடிதத்தைத் தந்தார். ஒட்டிய உறை. யோகா வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். "அந்தத் தம்பியிட்டக் குடு," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். யோகா அதைப் பிரிக்கவில்லை. பெரியவர் ஒட்டித் தந்ததைப் பிரிக்கக் கூடாது என்று நினைத்தாள்.

ஸ்ரீகாந்த் பிரித்து வாசித்தார். முதலில் தலையாட்டினார். பிறகு தலை நின்றது.

"நல்லா எழுதியிருக்காரு," என்றார். "ஆனா என்ன எழுதியிருக்காரு தெரியுமா? என் மகள் யோகா, என் மருமகன் சுஜீதன். ரெண்டு பேரும் என் வீட்டுல இருக்காங்க. மகள்கிட்ட நான் வாடகை வாங்குறதில்லை."

யோகா கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். முத்து முத்தான எழுத்து. எங்கும் வெட்டில்லை, திருத்தமில்லை.

"அது ஒரு மரியாதைக்கு எழுதினது," என்றாள். "எங்கட ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுறது."

"சொல்றது சரி. சத்தியம் பண்ணி எழுதினா அது பொய். உங்க அப்பா பேரு உங்க ஃபைல்ல இருக்கு. வாடகையும் வாங்கலைங்கிறாரு. அப்ப முந்நூத்தறுபது எங்க போச்சு?" கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டு அவளிடமே தந்தார். "இதை நான் போட மாட்டேன் மேடம். இது உங்களையும் கெடுக்கும், அவரையும் கெடுக்கும். ரெண்டு வரி மாத்தித் தரச் சொல்லுங்க. மகள் இல்லை. வாடகை உண்டு. அவ்வளவுதான்."

ரெண்டு வரி. ரயிலில் வரும்போது அவள் அதை எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டு வந்தாள். நான் உங்கள் மகள் இல்லை என்று எழுதித் தாருங்கள் அங்கிள். எந்த விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் அது அப்படித்தான் முடிந்தது.

*

சனிக்கிழமை மேய்ஸ் ஹில் கோயிலுக்கு வழமைபோல நால்வரும் ஒரே காரில் போனார்கள். கார் நிறுத்த இடமில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசியில் வேலியோரம் ஒரு இடம் கிடைத்தது. அன்ரி பூத்தட்டோடு இறங்கினார். சுஜீதன் தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். அங்கிள் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தார்.

"நீ கொஞ்சம் இரு பிள்ளை."

யோகா பின்னாசனத்தில் இருந்தாள். அவருடைய பிடரி மட்டும்தான் தெரிந்தது. மயிரைப் புதிதாக வெட்டியிருந்தார்.

"கடிதம் சரியில்லையாம் என்ன?"

"ரெண்டு வரி மாத்தச் சொல்லுறார் அங்கிள்."

"எந்த ரெண்டு வரி எண்டு எனக்குத் தெரியும்."

பக்கத்துக் காரிலிருந்து பட்டுப்பாவாடைப் பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். தாய் பின்னால் நின்று இங்கிலீசில் கத்தினாள்.

"பென்சன் போமில ஒரு கேள்வி இருந்தது," என்றார் அங்கிள். "வீட்டில வேற ஆர் இருக்கினம் எண்டு. பிள்ளையளுக்கு ஒரு பெட்டி. வேற சொந்தக்காரருக்கு ஒரு பெட்டி. காசு குடுத்து இருக்கிற ஆக்களுக்கு ஒரு பெட்டி. நான் அந்தக் கடைசிப் பெட்டிக்குத்தான் பேனையைக் கொண்டு போனனான். நீங்கள் வந்து அப்ப ஆறு மாசம். நீ குசினியில நிண்டு இவளோட எதுக்கோ சிரிச்சுக்கொண்டு நிண்டனி. கை போகேல்லை."

யோகா முன்னாசனத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் பெட்டியில போட்டன். மகள் எண்டு. போட்டுட்டுக் கையெழுத்தும் வைச்சன்."

"பென்சனுக்காக இல்லைத்தானே அங்கிள்."

அவர் சற்று யோசித்தார். "அண்டைக்கு இல்லை. மகள் தாற காசு கணக்கில வராது எண்டு பிறகுதான் தெரிஞ்சுது. தெரிஞ்ச பிறகு நான் போய்த் திருத்தேல்லை. அதையும் சொல்லத்தானே வேணும்." ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். அதில் அழுக்கு இல்லை. "கச்சேரியில பிழையா ஒரு போம் கொண்டு வாறவனை நான் கதிரையில இருக்க விடமாட்டன். வெளியில நில், சரியா நிரப்பிக்கொண்டு வா எண்டுவன். அந்த நான்."

"இப்ப போய்ச் சொல்லலாம் அங்கிள். முந்நூற்றறுபதுக்குப் பென்சன் குறையுமோ தெரியாது. சிலவேளை குறையாது."

"குறைஞ்சால் குறையட்டும். முதல் என்ன கேப்பினம்? ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை எண்டு கேப்பினம். நான் என்ன சொல்ல? சிரிச்சுக்கொண்டு நிண்டது எண்டோ?"

கோயில் மணி அடித்தது. அவர் கதவைத் திறந்தார். இறங்குமுன், திரும்பாமலே சொன்னார்.

"அன்ரிக்குத் தெரியாது. சொல்லிப்போடாதை."

*

இது ஒன்றும் தெரியாதபடியால்தான் அன்ரி பெட்டியைக் கொண்டுவந்தார். இருபதாம் நாள் காலை, சுஜீதன் வேலைக்கு வெளிக்கிட முன், அவர்களுடைய அறைக் கதவைத் தட்டினார். கையில் ஒரு சப்பாத்துப் பெட்டி.

"ராத்திரி படுத்துக் கிடக்கேக்கை நினைவு வந்தது. இது உதவுமோ பாருங்கோ."

பெட்டி நிறையக் கடித உறைகள். வெறும் உறைகள். ஒவ்வொன்றிலும் யோகாவின் எழுத்து. திகதி. சுஜீதன், அனுஷம். யோகா, உத்தரம். ஒவ்வொன்றின் மூலையிலும் குங்குமம். சிலதில் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது.

"சாமிக்கு முன்னால இருந்த கடுதாசியைக் குப்பையில போடலாமோ? ஒரு நாளைக்கு ஆத்தில விடுவம் எண்டு சேத்து வைச்சனான். இந்த ஊரில எந்த ஆத்தில விடுறது? அப்பிடியே கிடக்கு."

அவர் போனதும் சுஜீதன் பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்து எண்ணினான். எண்பத்தொன்று. முதல் உறை, அவர்கள் வந்த முதல் மாதம். கடைசி, போன வியாழன். ஒரு சம்பள வியாழனும் தவறவில்லை. அவன் முகத்தில் பத்து நாளாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

"இதுதான் யோகா. இதைவிட என்ன வேணும்? வங்கியில காசு எடுத்த திகதியும் இதில இருக்கிற திகதியும் ஒண்டு. ரெண்டு பேற்றை பேரும் இருக்கு. நட்சத்திரம்கூட இருக்கு."

அவள் உறைகளைத் திகதி வரிசையில் திரும்ப அடுக்கத் தொடங்கினாள். அடுக்கிக்கொண்டே காரில் அங்கிள் சொன்னதைச் சொன்னாள். அவனுக்கு முழுவதும் விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

"அப்ப இதைக் குடுத்தால்?"

"நாங்கள் வாடகை குடுத்தம் எண்டு எழுதினால், அது அங்கிளின்ர பென்சன் போமுக்கு எதிரான சாட்சி. நான் ஸ்ரீகாந்தைக் கேட்டனான். ரெண்டு ஒஃபீசும் கதைக்குமோ எண்டு தெரியாதாம். கதைக்காது எண்டு தன்னால சொல்லேலாதாம்."

"குடுக்காட்டி?"

அவள் அடுத்த உறையை எடுத்து அடுக்கினாள்.

மெல்லிய சுவர். அந்தப் பக்கம் அங்கிள் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சுஜீதன் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தியபோது அது இன்னும் கடுமையானது.

"அந்தாள் உனக்கு அப்பாவோ?"

"போமில அப்பா."

"பகிடி விடாதை. எனக்கு இது விளையாட்டில்லை. விசா இல்லாத ஆக்களை அடைச்சு வைக்கிற வில்லாவுட் பக்கம் போற ரெயினில நான் ஏறுறேல்லை, தெரியுமோ உனக்கு? அங்க என்னை ஒருத்தரும் கொண்டுபோகேலாது, என்னட்ட விசா இருக்கு, எண்டாலும் ஏறுறேல்லை. சுத்திப் போறன். அவருக்குப் பென்சன். எனக்கு?"

"எனக்குத் தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்? நீ சிற்றிசன். என்னை அனுப்பிப்போட்டு நீ இஞ்சை இரு. அவைக்கு மகளா இரு."

சொன்னதும் அவன் நிறுத்திக்கொண்டான். குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். ஒன்றைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினான். மன்னிப்புக் கேட்கவில்லை. போட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் போனான். மூன்று வருடத்தில் அப்படிப் போனது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை தோட்டத்தில் அங்கிளுக்குப் பக்கத்தில் போய் நின்று யோகா கேட்டாள். இறைஞ்சவில்லை. எத்தனை நாள் இருக்கிறது என்றும், மறுத்தால் என்ன நடக்கும் என்றும் மட்டும் சொன்னாள். அவர் தண்ணீர்க் குழாயை ஒரே செடியின் அடியில் பிடித்துக்கொண்டு கேட்டார். மண் கரைந்து வேர் தெரியத் தொடங்கியது.

"வாற புதன்கிழமை பென்சன் ஒஃபீசுக்குப் போறன்," என்றார். "போய்ச் சொல்லிப்போட்டு வந்து உனக்குச் சரியான கடிதம் தாறன்."

*

புதன்கிழமை அவர் கோட்டுப் போட்டார். மகனின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டு. மகன் பேர்த்தில் இருக்கிறான். ஞாயிறு தவறாமல் தொலைபேசி எடுப்பான். கோட்டு இப்போது தோளில் தொங்கியது. கையில் காகிதப் பை. "எங்க இந்தக் கோலத்தில?" என்று அன்ரி கேட்டதற்கு, "ஒரு அலுவல்" என்றார். யோகா அன்று லீவு எடுத்திருந்தாள். வேறு அலுவல் இருந்ததால் அல்ல. வீட்டில் இருக்க வேண்டும்போல இருந்தது.

ஒன்பது மணிக்குப் போனவர் இரண்டு மணிக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. நேரே வந்து குசினிக் கதிரையில் இருந்தார். அன்ரி கடைக்குப் போயிருந்தார்.

யோகா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். அவராகச் சொல்லட்டும் என்று திரும்பாமல் நின்றாள்.

"நல்ல பிள்ளை ஒண்டு வாசலில நிண்டுது," என்றார். "பேரைக் கேட்டுப் பதிஞ்சுது. இருங்கோ, கூப்பிடுவினம் எண்டுது. இருந்தனான்."

கேத்தல் கொதிக்கத் தொடங்கியது.

"ஒண்டரை மணித்தியாலம். என்ன சொல்லுறது எண்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு இருந்தனான். பிறகு கூப்பிட்டவை. ஸிவலிங்காம் எண்டு. ரெண்டாம் தரமும் கூப்பிட்டவை. எனக்குக் கேட்டது பிள்ளை. நல்ல வடிவாக் கேட்டது. பக்கத்தில இருந்த மனுசன்கூட என்னைத்தான் பாத்தது."

அவர் கையிரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எழும்பேல்லை."

கேத்தல் தானாக நின்றது.

"எழும்பேலாமப் போச்சு. மூண்டாம் தரம் கூப்பிடுவினம் எண்டு பாத்தன். கூப்பிடேல்லை. வேற ஆரோ போச்சினம். பிறகும் கொஞ்ச நேரம் இருந்துட்டு பஸ் எடுத்து வந்திட்டன்."

யோகா தேத்தண்ணியை ஊற்றினாள். சீனி போடாமல் கலக்கினாள். அவருக்குச் சீனி இல்லை. அவர் முன்னால் வைத்தாள்.

"சரி அங்கிள்," என்றாள்.

நாளைக்குத் திரும்பப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் கூட வாறன் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கைகளைப் பார்த்தபடியால் இரண்டையும் சொல்லவில்லை. அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் ஆறவிட்டார். அன்ரி வரும் சத்தம் கேட்டதும் எழுந்து கோட்டைக் கழற்றப் போனார்.

*

கடைசி நாள் வியாழக்கிழமை. ஸ்ரீகாந்த் கணினியில் ஒவ்வொன்றாக ஏற்றினார். கலியாணப் படங்களில் இருபது. கூட்டுக் கணக்கு. பல்துலக்கி. செருப்பு. மடிப்புக் கோடு தெரிகிற கட்டில். சிறிதரன் எழுதிய கடிதம்: இவர்கள் கணவன் மனைவி என்று எனக்குத் தெரியும். யோகாவோடு வேலைசெய்யும் சந்திரகலா எழுதிய கடிதம்: மதியச் சாப்பாட்டை இவளுக்குக் கணவன்தான் கட்டித் தருகிறான்.

யோகாவின் மடியில் சப்பாத்துப் பெட்டி இருந்தது. காலையில் அதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டவள் அவள்தான். ஏன் என்று சுஜீதன் கேட்கவில்லை. நேற்று அங்கிள் வந்து சொன்னதைக் கேட்டதிலிருந்து அவன் எதையுமே கேட்கவில்லை. பெட்டியைத் திறப்பாளா இல்லையா என்று யோகாவுக்கே தெரியாது. ரயிலில் திறப்பேன் என்று நினைத்தாள். படியேறும்போது மாட்டேன் என்று நினைத்தாள். இப்போது மூடியின் விளிம்பில் அவள் பெருவிரல் இருந்தது.

"முந்நூத்தறுபதுக்கு என்ன எழுதட்டும்?" என்றார் ஸ்ரீகாந்த். "இதுதான் கடைசி."

கீழே யாரோ வெங்காயத்தின் விலை கேட்டார்கள்.

"பெட்டியில என்ன மேடம்? ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?"

யோகா வாயைத் திறந்தாள்.

"சப்பாத்து," என்றான் சுஜீதன்.

ஸ்ரீகாந்த் அவனைப் பார்த்தார்.

"எனக்கு வாங்கினது. அளவு காணாது. திருப்பிக் குடுக்க வேணும்." அவன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். "வீட்டுச் செலவு எண்டு எழுதுங்கோ."

"பில் கேப்பாங்க."

"இல்லை."

ஸ்ரீகாந்த் பெட்டியைப் பார்த்தார். பிறகு யோகாவின் விரலைப் பார்த்தார். இருபது வருடமாக இந்த வேலை செய்கிறவர். இரண்டு சொல் தட்டினார். அனுப்பினார். திரையில் ஒரு பச்சை அடையாளம் வந்து மறைந்தது.

"எவ்வளவு நாளாகும்?" என்றாள் யோகா.

"சொல்ல முடியாது."

"நம்பலாமோ?"

"நல்லா இருக்குன்னு நான் சொன்னா நீங்க நம்புவீங்க மேடம். அதனால சொல்லல."

ஸ்டேஷனில் இருவரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்தார்கள். பெட்டி நடுவில். ரயில் வர ஏழு நிமிடம். சுஜீதன் அவளுடைய கையைப் பிடிக்கவில்லை. பெட்டி விழாமல் அதன்மேல் கையை வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அன்ரி கேட்டார். "அலுவல் முடிஞ்சுதோ? பெட்டி உதவினதோ?"

"ஓம் அன்ரி. நல்லா உதவினது."

"பாத்தியே. நான் சொன்னனான்தானே." பெட்டியை வாங்கி அலுமாரியின் மேல்தட்டில் பழைய இடத்தில் வைத்தார். அங்கிள் முன்னறையில் பேப்பரின் பின்னால் இருந்தார்.

அன்று சம்பள வியாழன். யோகா புதிய உறை எடுத்தாள். முந்நூற்றறுபது. ஒரு டொலர்க் குத்தி. சுஜீதன், அனுஷம். யோகா, உத்தரம். தட்டில் வைத்துக் கும்பிட்டாள். என்ன கேட்டுக் கும்பிடுவது என்று தெரியவில்லை. சும்மா கும்பிட்டாள்.

வெள்ளி காலை குளித்துவிட்டு வந்து பார்த்தபோது உறை தட்டில் இருந்தது. மூலையில் குங்குமம் வைத்திருந்தது. எடுக்கவில்லை. காசை எடுத்து உள்ளே வைப்பது எப்போதும் அங்கிள்தான்.

சனிக்கிழமையும் இருந்தது. அன்ரி அதன்மேல் ஒரு பூ வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சுஜீதன் விளக்குக்கு எண்ணெய் விட வந்தவன் நின்று பார்த்தான். பூக்கள் இரண்டாகியிருந்தன. முதல் பூ கருகியிருந்தது.

"எடுக்கேல்லையோ?" என்றான்.

"இல்லை."

"அப்ப நாங்கள் திருப்பி எடுக்கிறதோ?"

"தெரியேல்லை," என்றாள் யோகா.

அவன் உறையை அசைக்காமல், அதைச் சுற்றி எண்ணெய் சிந்தாமல், விளக்கை நிரப்பினான்.